சென்னையிலிருந்து டெல்லிக்கு ஸ்லீப்பர் வகுப்பில்: இரண்டு இரவுகளும் நடுவில் ஒரு பகலும்

64 வயதான, முழங்கால் வலியுள்ள அம்மாவைச் சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் அழைத்துச் செல்ல வேண்டும், விமானத்தில் ஏற அவர் மறுக்கிறார், ஸ்லீப்பர் வகுப்பு போதுமா, எந்தப் படுக்கை எடுப்பது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது, வழியில் பயமில்லாமல் இருக்குமா, மே மாதம் போவதா அக்டோபரில் போவதா என்று கேட்டிருந்தீர்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து வேலை நிமித்தமாகவும் குடும்பத்துக்காகவும் இந்தத் தடத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது போய்வருகிறவன் என்பதால், சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ரயில். இந்தத் தடத்தில் பழையது 1929இல் ஓடத் தொடங்கிய கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ். பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே தொடங்கிய அந்த வண்டிதான் பின்னாளில் சென்னை – டெல்லி வண்டியாகக் குறுகியது. நீங்கள் எடுக்க வேண்டியது 1976இல் அறிமுகமான தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்பது என் கருத்து. இரவு பத்து மணியளவில் சென்னை சென்ட்ரலில் புறப்பட்டு, ஏறத்தாழ 2,180 கிலோமீட்டரை 33 மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகக் கடந்து, மூன்றாம் நாள் காலை ஆறரை மணியளவில் புது டெல்லியில் நிற்கும். 33 மணி நேரம் என்று கேட்டவுடன் பலர் மலைத்துப் போகிறார்கள். ஆனால் அதில் இரண்டு இரவுகள் தூக்கத்திலேயே கழிந்துவிடுகின்றன. விழித்திருந்து கழிக்க வேண்டியது நடுவிலுள்ள ஒரு பகல் மட்டுமே: வாரங்கல்லில் விடிந்து போபாலில் இருட்டுகிற அந்தப் பகல். வகுப்பு, படுக்கை, மாதம், சாப்பாடு ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரு பகலை அம்மா எப்படிக் கழிப்பார் என்பதை மனத்தில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

மாதத்தைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் ஐயத்துக்கு இடமில்லாத பதில் உண்டு: அக்டோபர். மே மாதத்தில் அந்தப் பகல் நேரத்து வழி முழுவதும் இந்தியாவின் மிக வெப்பமான பகுதிகளில் ஒன்றின் ஊடாகச் செல்கிறது. ராமகுண்டம், பல்லார்ஷா, சந்திரபூர், நாக்பூர் ஆகிய ஊர்களில் மே மாத நண்பகல் வெப்பம் 45 டிகிரியைத் தொடுவது அதிசயமான செய்தி அல்ல. ஸ்லீப்பர் பெட்டியின் இரும்புக் கூரையும் பக்கச் சுவரும் காய்ந்து, ஜன்னலைத் திறந்தால் அனல் காற்று முகத்தில் அறைய, மூடினால் மூச்சு முட்ட, மின்விசிறி அதே வெப்பத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும். நண்பகல் பதினொரு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை இளைஞர்களே வாடிப்போகிற அந்த நேரத்தில் 64 வயதானவரை உட்கார வைக்கக் கூடாது. மே மாதத்தில்தான் போயாக வேண்டும் என்றால் மூன்றாம் வகுப்பு ஏசிக்குக் குறைவாக எதையும் எண்ணாதீர்கள். டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் சிக்கல் வேறு: ஜான்சிக்கு வடக்கே மூடுபனி இறங்கிவிட்டால் வண்டி பல மணி நேரம் தாமதமாகும், போபாலுக்குப் பிறகு இரவுக் குளிர் ஜன்னல் இடுக்குகள் வழியே உள்ளே வரும். அக்டோபரின் பிற்பகுதி, நவம்பர், பிறகு பிப்ரவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை ஆகிய நாட்களில் ஸ்லீப்பர் வகுப்புப் பயணம் சுகமானது என்று மனமாரச் சொல்வேன். தீபாவளியை ஒட்டிய பத்து நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவருக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். மூன்றாம் வகுப்பு ஏசி இரண்டாயிரத்தைச் சற்றுத் தாண்டும். பணம் கையில் இருந்தால் ஏசியே மேல் என்று பலர் சொல்வார்கள். முழங்கால் வலியுள்ளவருக்கு இந்த இரண்டுக்கும் இடையே படுக்கை அமைப்பில் வேறுபாடு எதுவும் இல்லை என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. இரண்டிலும் ஒரு தடுப்புக்குள் எதிரெதிராக மும்மூன்று படுக்கைகள், நடைவழிக்கு அப்பால் பக்கவாட்டில் இரண்டு என எட்டுப் பேர்தான். ஏசியில் குளிர்ச்சியும் தூசியின்மையும் படுக்கை விரிப்பும் கிடைக்கும், கூட்டமும் குறையும், படுக்கை அதேதான். நடுப் படுக்கை இல்லாத, அதனால் நிமிர்ந்து உட்கார முடிகிற பெட்டி வேண்டுமென்றால் இரண்டாம் வகுப்பு ஏசிக்குத்தான் போக வேண்டும்.

படுக்கையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வயதானவர்களை அழைத்துச் செல்கிறவர்கள் பெரும்பாலும் தவறு செய்வது இங்கேதான். லோயர் பெர்த் கிடைத்துவிட்டால் அம்மா நினைத்தபோதெல்லாம் படுத்துக்கொள்ளலாம் என்று எண்ணிவிடுகிறோம். அப்படி இல்லை. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை மட்டுமே அது படுக்கை. மற்ற நேரத்தில் அது மூன்று பேர் உட்காருகிற இருக்கை. நடுப் படுக்கைக்காரரும் மேல் படுக்கைக்காரரும் அதில் உட்கார உரிமையுள்ளவர்கள். ஆகவே நாக்பூருக்கு முன்பு மதியச் சாப்பாடு முடிந்து அம்மாவுக்குக் காலை நீட்ட வேண்டும் போலிருக்கும்போது, மற்ற இருவரும் மனம் வைத்தால்தான் அது நடக்கும். மேல் படுக்கையில் எந்த நேரமும் படுத்திருக்கலாம், ஆனால் முழங்கால் வலியோடு அந்த ஏணியில் ஏற முடியாது.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, இருவருக்கும் பக்கவாட்டில் கீழும் மேலுமாக உள்ள ஜோடியை எடுப்பது. அந்தக் கீழ்ப் படுக்கையில் பகலில் உட்கார உரிமை உடையவர் மேல் படுக்கைக்காரர் ஒருவர் மட்டும்தான். அவர் நீங்களாகவே இருந்தால் அம்மா நாள் முழுவதும் காலை நீட்டி, ஜன்னலோரத்தில் சாய்ந்தபடி வரலாம். இரண்டு குறைகளைச் சொல்லிவிட வேண்டும். எதிரெதிரான இரண்டு இருக்கைகளின் முதுகுகளை மடக்கித்தான் அந்தப் படுக்கையை அமைக்கிறார்கள் என்பதால் நடுவில் இணைப்பு உறுத்தும். ஒரு தடித்த ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டால் சரியாகிவிடும். இரண்டாவது குறை பெரியது: பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கைகளில் பெரும்பாலானவற்றை ஆர்.ஏ.சி. பயணிகளுக்காக, அதாவது ஒரு படுக்கையை இருவர் உட்கார்ந்து பகிர்ந்துகொள்வதற்காக ஒதுக்கிவிடுகிறார்கள். ஆகவே விருப்பமாகக் குறிப்பிடலாம், நம்பியிருக்க முடியாது. அது கிடைக்காவிட்டால் ஒரே தடுப்பில் கீழ்ப் படுக்கை அம்மாவுக்கும் அதற்கு நேர் மேலுள்ள நடுப் படுக்கை உங்களுக்கும் அமைவது நல்லது. நடுப் படுக்கை உங்கள் கையில் இருந்தால் அதை எப்போது தூக்கி மாட்டுவது, எப்போது இறக்குவது என்பதை அம்மாவின் வசதிக்கேற்ப நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இணையத்தில் பதிவு செய்யும்போது, ஒரு கீழ்ப் படுக்கையாவது கிடைத்தால் மட்டும் டிக்கெட் போடு என்ற ஒரு விருப்பம் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதற்குத் தகுதியில்லாத வயதினர் அதே டிக்கெட்டில் சேர முடியாது. அம்மாவுக்குத் தனி டிக்கெட்டும் உங்களுக்குத் தனி டிக்கெட்டும் எடுத்தால் அவர் ஒரு பெட்டியிலும் நீங்கள் வேறொரு பெட்டியிலும் போய் விழக்கூடும். இரண்டு இரவுப் பயணத்தில் அது வேண்டாம். ஒரே டிக்கெட்டாக, பதிவு தொடங்குகிற நாளிலேயே எடுப்பதுதான் சரி. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்பு தொடங்குகிறது. 2024 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்புவரை அது 120 நாட்களாக இருந்தது. காலை எட்டு மணிக்குத் திறக்கும்போதே உள்ளே இருங்கள், ஏனென்றால் ஸ்லீப்பர் பெட்டிகளின் எண்ணிக்கை முன்பைவிடக் குறைந்துவிட்டது. வெயிட்டிங் லிஸ்டில் எடுத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். இணையத்தில் எடுத்த காத்திருப்பு டிக்கெட், வண்டியின் பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாராகும்போது தானாக ரத்தாகிவிடும். கவுன்டரில் எடுத்ததை வைத்துக்கொண்டு ஸ்லீப்பர் பெட்டியில் ஏறவும் இப்போது அனுமதியில்லை. தட்கல் முறையில் முந்தைய நாள் ஏசி வகுப்புகளுக்குக் காலை பத்து மணிக்கும் ஸ்லீப்பருக்குப் பதினொரு மணிக்கும் திறக்கிறார்கள். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்கு இருந்தால்தான் இணையத்தில் எடுக்க முடியும். ஆனால் அம்மாவை அழைத்துப் போகும் பயணத்தைத் தட்கலை நம்பித் திட்டமிட வேண்டாம் என்பேன், அதில் கீழ்ப் படுக்கை அமைவது அதிர்ஷ்டம்.

டிக்கெட் வந்ததும் எண்ணைப் பாருங்கள். எட்டு எட்டாகப் பிரித்தால் 1, 4 கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 பக்கவாட்டுக் கீழ். 8 பக்கவாட்டு மேல். எல்.எச்.பி. எனப்படும் இப்போதைய புதுவகை ஸ்லீப்பர் பெட்டியில் 80 படுக்கைகள். முதல் எட்டும் கடைசி எட்டும் கழிப்பறையையும் கதவையும் ஒட்டியவை; வாசனையும் கதவு அடித்துக்கொள்ளும் ஓசையும் இரவு முழுவதும் இருக்கும். 25 முதல் 56 வரை எங்கே அமைந்தாலும் நல்லது. முழங்கால் வலிக்காரருக்கு மேற்கத்தியக் கழிப்பறை வேண்டும். பெட்டியில் அது எந்தக் கோடியில் இருக்கிறது என்பதை ஏறியவுடன் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், இரவு இரண்டு மணிக்குத் தேடக் கூடாது. காலையில் ஐந்தரைக்கு முன்பே அம்மாவை எழுப்பிப் போய்வரச் செய்துவிட்டால் வரிசையும் இல்லை, தண்ணீரும் இருக்கும். தண்ணீர் தீர்ந்துவிட்டாலோ துப்புரவு தேவைப்பட்டாலோ 139க்கு அழைத்து, அல்லது ரயில்வேயின் ‘ரயில் மதத்’ (Rail Madad) செயலியில், டிக்கெட்டிலுள்ள பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்துப் புகார் செய்யுங்கள். அடுத்த பெரிய நிலையத்தில் ஆள் வந்து கவனிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சாப்பாடு. முதல் இரவு வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். மறுநாள் காலைக்கும் மதியத்துக்கும் வீட்டிலிருந்து கொண்டுபோவதுதான் வயதான வயிற்றுக்கு உகந்தது. என் அம்மாவை அவருடைய 68ஆம் வயதில் இதே வண்டியில் அழைத்துச் சென்றபோது, முந்தைய மாலை அவரே கட்டிய பொட்டலங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. இட்லியை ஆறவிட்டு, ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி, வாட்டிய வாழை இலையில் நாலு நாலாக வைத்து, மேலே செய்தித்தாளைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். மறுநாள் எட்டு மணிக்குப் பிரித்தபோது இலையின் வாசனை ஏறி, ஓரம்கூடக் காயாமல் இருந்தன. மதியத்துக்குப் புளியோதரை, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறியதாக இருந்தால் நாள் முழுவதும் தாங்கும். தயிர்சாதம் வேண்டுமென்றால் சாதத்தைக் குழைய வடித்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டித் தயிர் மட்டும் விட்டு எடுத்துச் செல்லுங்கள். புறப்பட்ட மறுநாள் மதியம் புளிக்காமல் சரியான பதத்துக்கு வந்திருக்கும். தேங்காய் சேர்ந்த எதுவும் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்குச் சமையல் பெட்டியில் சொல்லலாம், அல்லது ஐ.ஆர்.சி.டி.சி.யின் இ-கேட்டரிங் வழியாகப் போபாலில் இருக்கைக்கே வரவழைக்கலாம். வண்டி எட்டு மணியளவில் அங்கே வருவது பசி நேரத்தோடு பொருந்துகிறது. எதை வாங்கினாலும் விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், ரசீதும் கேளுங்கள். குடிநீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது கையில் இருக்கட்டும்.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த வண்டியில் வருகிறவர்கள் யார் என்று பாருங்கள்: விடுமுறை முடிந்து திரும்பும் ராணுவ வீரர்கள், டெல்லியில் தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள், தேர்வுக்குப் போகும் பிள்ளைகள், சென்னையில் சிகிச்சை முடித்து மருத்துவமனைக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஊர் திரும்பும் மத்தியப் பிரதேசத்து விவசாயிகள். இவர்களிடம் அஞ்ச எதுவும் இல்லை. திருட்டு நடப்பது பெரும்பாலும் அதிகாலை மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே, நிலையத்தில் வண்டி நின்று கிளம்பும் அந்தச் சில நிமிடங்களில். பெட்டியைக் கீழ்ப் படுக்கைக்கு அடியிலுள்ள வளையத்தில் சங்கிலியால் பூட்டுங்கள். பணமும் மருந்துச் சீட்டும் உள்ள சிறு பை தலையணைக்குள் இருக்கட்டும். இரவில் ஜன்னலின் இரண்டு அடைப்புகளையும் இறக்கிக் கொக்கியை அழுத்துங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வெளியே நீட்டிக் கைப்பேசி பார்ப்பது, வளையலும் சங்கிலியும் தெரிய உறங்குவது ஆகியவை வேண்டாம். சார்ஜ் போடும் மின்சாரத்தை இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்துவரை நிறுத்திவிடக்கூடும், ஆகவே பத்து மணிக்குள் கைப்பேசியை நிரப்பிவிடுங்கள். புதியவர் அன்போடு நீட்டும் தின்பண்டத்தை, எங்களுக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லிக் கைகூப்பி மறுத்துவிடலாம், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். ஸ்லீப்பரில் ஒரு டிக்கெட்டுக்கு 40 கிலோ சுமை இலவசம் என்றாலும், நீங்கள் ஒரு கையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தூக்கக்கூடியதே உங்கள் அளவு.

இனி அந்தப் பகல். முதல் இரவில் நெல்லூரும் விஜயவாடாவின் கிருஷ்ணையும் தூக்கத்தில் கடந்துபோகும். ஏழு மணியளவில் வாரங்கல். காலைச் சிற்றுண்டி முடிகிற நேரத்தில் ராமகுண்டத்தின் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும், அதற்குச் சற்றுப் பின் மஞ்சிரியாலுக்கு முன்பாகக் கோதாவரி. அக்டோபரில் மழை முடிந்த வெள்ளம் இருந்தால் கரைக்குக் கரை பார்க்க ஒரு கண் போதாது. பிறகு, பெயரிலேயே காகிதத்தை வைத்திருக்கும் காகஸ்நகர். அங்கே காகித ஆலை உண்டு. பல்லார்ஷாவில் மராட்டிய மண் தொடங்குகிறது. தேநீர்க்காரரின் குரல் தெலுங்கிலிருந்து இந்திக்கு மாறுவதைக் கேட்கலாம். இரண்டு மணியளவில் நாக்பூர். நவம்பருக்குப் பிறகு போனால் ஆரஞ்சுக் கூடைகள் ஜன்னலுக்கே வரும். நிறுத்தம் சில நிமிடங்கள்தான். ஜன்னல் வழியே வாங்குங்கள், இறங்கி நடக்காதீர்கள்.

நாக்பூருக்குப் பிறகான நான்கு மணி நேரத்துக்காகவே நான் அம்மாவை மதியத்தில் உறங்கவைத்து மாலை நாலு மணிக்கு எழுப்பினேன். பேதுலைத் தாண்டியதும் தண்டவாளம் சாத்பூரா மலைச்சரிவில் வளைந்து இறங்குகிறது. தேக்குக் காடுகள், குகைப்பாதைகள், பாறை வெட்டிய பள்ளங்கள். அக்டோபரில் காடு பச்சையாக இருக்கும், மார்ச்சில் இலையுதிர்ந்து மலையின் எலும்பு தெரியும். இட்டார்சியைத் தாண்டிக் கால்மணி நேரத்தில் நர்மதை. பாலத்தின் இரும்பு அதிரத் தொடங்கியதுமே பெட்டியில் பேச்சு அடங்கிவிடும். எங்கள் தடுப்பில் இருந்த ஒரு முதிய பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து நெற்றியில் ஒற்றி ஜன்னல் கம்பிகளுக்கிடையே விட்டார். பின் இன்னொரு காசை எடுத்து, மொழி தெரியாத என் அம்மாவின் உள்ளங்கையில் வைத்து வெளியே கை காட்டினார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டார். கடைசிவரை டெல்லியைப் பற்றிப் பேசியதைவிட அந்தப் பாலத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

போபாலுக்குப் பிறகு படுத்துவிடுங்கள். இரண்டாம் இரவில் ஒரு போர்வை அதிகமாகவே வேண்டும். அக்டோபரிலும் ஜான்சி, குவாலியர் பக்கம் அதிகாலை குளிரும், ஸ்லீப்பரில் போர்வை தரமாட்டார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, பெட்டியைச் சங்கிலியிலிருந்து விடுவித்து, அம்மாவின் காலுக்கு வலி தைலம் தடவி, இரண்டு நடை நடக்கச் செய்யுங்கள். இரவு முழுவதும் மடங்கியிருந்த முழங்காலோடு படியிறங்குவது கடினம். புது டெல்லியில் கூட்டம் இறங்கி முடியும்வரை உட்கார்ந்தே இருங்கள், அதுதான் கடைசி நிலையம், அவசரமில்லை. மெட்ரோவுக்கு அஜ்மேரி கேட் பக்கம் போக வேண்டும், பஹாட்கஞ்ச் எதிர்ப்பக்கம். பேட்டரி காரையோ சக்கர நாற்காலியையோ கேளுங்கள், மேம்பாலப் படிகளை அம்மா ஏற வேண்டாம்.

திரும்புகிற டிக்கெட்டையும் இதே வண்டியில் எடுத்தால், டெல்லியில் இரவு புறப்பட்டு நர்மதைக்கு மறுநாள் காலையில் வந்து சேரும். போகும்போது அக்டோபர் மாலையில் அந்தி மங்கிப் பாலத்தின் ஓசை மட்டும் கேட்டிருந்தால், வரும்போது ஆறே கண்ணில் படும். இரண்டு ஒற்றை ரூபாய்க் காசுகளை அம்மாவின் கைப்பையில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.